நான் கிறுக்கிய பக்கம்

அன்பு மகனுக்கு,

முதலில் பார்த்தது உன் தங்கச்சிதான். போன மாதம் ஒரு காலை, நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து எனக்கு வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்தாள். சங்கீதத்தில் அந்தப் பக்கம் வந்தது. எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக நம் வீட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் தாண்டித்தான் வாசிப்போம். அவள் தாண்டவில்லை. கிறுக்கல் மேல் விரலை வைத்துத் தடவினாள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் தடவினாள். "ம்மா, இது அண்ணன் கிறுக்கினது இல்ல" என்றாள். "இன்னாடி சொல்ற?" என்றேன். "அண்ணன் எழுதினா பின்பக்கம் வரைக்கும் பள்ளம் விழும். அவன் பழைய நோட்டெல்லாம் பாரு. இது தொட்டும் தொடாம இருக்குது. பயந்துகினே கிறுக்கின மாதிரி." அவ்வளவுதான் சொன்னாள். கோடுகளுக்குக் கீழே எழுத்து நன்றாகத் தெரிந்ததால், அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடித்தாள். களைந்த அரிசியை மறுபடி மறுபடி களைந்துகொண்டு நான் அங்கேயே நின்றேன்.

இதை எழுதுவதும் அவள்தான். எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது என்பது உங்கப்பா இருந்தவரை மூன்று பேருக்குத் தெரியும். இப்போது உங்கள் இரண்டு பேருக்கு மட்டும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். "நான் சொல்றத அப்பிடியே எழுதறியா, இல்ல நீயா எதுனா சேக்கிறியா?" என்று கேட்டால், "நீ சொல்றதுதாம்மா. நீ ஊடுன்னு சொன்னா நான் வீடுன்னு எழுதறேன், அவ்ளோதான்" என்கிறாள். ஒன்பதாவதோடு நின்றவள். நான் சமையல் வேலை செய்கிற கம்பெனி கேண்டீனில் கொதிக்கிற கஞ்சி என் கையில் கொட்டிய வருஷம் எனக்குச் சமைத்துப் போட மூன்று மாதம் லீவு எடுத்தாள், திரும்பிப் போகவில்லை. வகுப்பில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூட வாய் வராத பெண். பள்ளிக்கூடம் நின்றது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒரு நாளும் அவளைக் கேட்கவில்லை. இந்த வரியை எழுதும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். மகனுக்கு ஒரு தாய் என்ன சொல்வாளோ அதையெல்லாம் சொல்ல வேண்டிய நேரம். உன் வீட்டில் தினமும் வேதம் வாசிக்கிற பழக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது, நைனா. வாய் ஏன் இல்லாமல் போனது என்பதைச் சொன்ன பிறகுதான் மற்றதைச் சொல்ல முடியும். நீ படித்த பிறகு உனக்கு மனைவியாக வரப்போகிறவளும் இதைப் படிக்கட்டும். சபையில் யார் கேட்டாலும் அவர்களுக்கும் படித்துக் காட்டு.

திருப்பாச்சூர் பக்கம் பெண் வீட்டில் நிச்சயம் நடந்த அன்று நீ பட்டுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாய். ஜெபம் முடிந்து எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நம் பாஸ்டரம்மா பெண்ணின் தாயாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "மாப்ள ரொம்ப சாதுன்னு நெனச்சிடாதீங்க. சின்ன வயசுல வேதத்தையே கிறுக்கி வச்ச ஆளு." கெட்ட மனதோடு சொல்லவில்லை. சபையில் பதினைந்து வருஷமாக ஓடுகிற வேடிக்கைப் பேச்சு அது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண், சின்னக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற பெண், சிரிக்காமல் உன்னைப் பார்த்தாள். நீ சிரித்தாய். நான் கேசரித் தட்டைப் பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இரண்டாவது தடவையும் நான் சொல்லவில்லை.

அன்று சாயந்திரம், நீ வேலை பார்க்கிற ஊருக்குத் திரும்புமுன், திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் என்னை பஸ் ஏற்ற வந்தாய். ஜன்னல் வழியாக வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தாய். "கல்யாணத்துக்கு அந்த பைபிளத் தூக்கினு வராதம்மா" என்றாய். "ஏன் நைனா? புது ஊட்டுக்கு மொத மொதல்ல வேதம்தானே கொண்டு போவணும்" என்றேன். "அதுல என் கிறுக்கல் இருக்குது இல்ல" என்று சிரித்தாய். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பஸ் கவரைப்பேட்டை தாண்டுகிறவரை அந்த வாழைப்பழத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரியும், கிறுக்கியது நான் என்று. உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். பதினைந்து வருஷத்தில் இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று பாஸ்டரம்மா புது வேதாகமத்தை என் கையில் கொடுத்து, "படிக்கத் தெரியும் இல்ல சிஸ்டர்?" என்றார்கள். சுற்றிலும் ஆட்கள். என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான் பள்ளிக்கூடத்து வாசலை ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போது பார்த்ததோடு சரி. ஆனாலும் தலையாட்டிவிட்டேன். ஒரே ஒரு தலையாட்டல். கூச்சத்தில் ஆட்டினது. அதைக் காப்பாற்றுவதற்காக எத்தனை வருஷம் வேலை செய்தேன் பார். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்பது நம் சபை வழக்கம். அடுத்த வாரம் எந்த அதிகாரம் என்பதை பாஸ்டரம்மா முந்தின வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாரம் போதும் எனக்கு.

எட்டு ஒன்பது வயதில் நீதான் எனக்குக் கண். கம்பெனியில் ஆறு மணி சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்து, அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பாய். வியாழக்கிழமைக்குள் எனக்கு மொத்தமும் மனப்பாடம். வம்ச வரலாறு வந்தால் உனக்குப் பொறுக்காது. "இன்னாரு இன்னாரப் பெத்தாரு, அவரு இன்னொருத்தரப் பெத்தாரு, எல்லாருக்கும் கொயந்த பொறந்துச்சும்மா, அடுத்ததுக்குப் போலாமா?" என்பாய். நான் கரண்டியைக் காட்டினால் மறுபடி முதல் பேரிலிருந்து ஆரம்பிப்பாய். வெள்ளிக்கிழமை நான் புத்தகத்தை விரித்து, கண்ணைத் தாழ்த்தி, என் முறை வரும்போது சரியான வசனத்தைச் சொல்வேன். திரும்பி வந்து உன்னிடம் சொன்னால் துள்ளுவாய். "நான் பாத்துப் படிக்கிறேன். நீ பாக்காமயே படிக்கிற. நீதாம்மா பெரிய ஆளு!" அந்த நாட்களில் நாம் செய்தது ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை அது மட்டும்தான் உண்மையான வாசிப்போ என்னவோ. வேதத்தை நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டது அதற்குப் பிறகு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கேண்டீனில் வேலை முடியத் தாமதமாகிவிட்டது. உன் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவோரம் இடம் இருந்தது. உட்கார்ந்ததும் பாஸ்டரம்மா, "வாங்க சிஸ்டர், உங்ககிட்டருந்தே ஆரம்பிக்கலாம்" என்றார்கள். வேதாகம உறையின் ஜிப்பைத் திறந்தேன், புத்தகத்தை விரித்தேன், நீ சொல்லிக்கொடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தைத் தெளிவாகச் சொன்னேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. "அது இல்ல சிஸ்டர். இப்பதான் மாத்தினோம். முப்பத்திரண்டாம் சங்கீதம்" என்றார்கள். நான் தாள்களைத் திருப்பினேன். திருப்பிக்கொண்டே இருந்தேன். எறும்பு மாதிரி எழுத்து. அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள். உன் தங்கச்சி அழ ஆரம்பித்தாள். புத்தகத்தை மூடினேன். "அந்தப் பக்கத்துல என் பையன் கிறுக்கி வச்சிருக்கான். எழுத்தே தெரியல" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை. பாஸ்டரம்மா, "ஐயோ, வேதத்துலயா? ஞாயித்துக்கெழம எடுத்தாங்க, பாக்கலாம்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்தேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "நைனா, முப்பத்திரண்டாம் சங்கீதம் எதுன்னு காட்டு" என்றேன். புதுப் பாடம் என்று நினைத்துவிட்டாய். கையைக் கழுவிவிட்டு ஓடி வந்து, பக்கத்தைக் கண்டுபிடித்து, உன் சின்ன விரலை அதன் மேல் வைத்தாய். "இதும்மா. இப்பவே படிக்கட்டுமா?" என்றாய். "அப்பறம் பாத்துக்கலாம், நீ போயி தண்ணி புடிச்சினு வா" என்று குடத்தைக் கொடுத்து அனுப்பினேன். நீ தெருக்குழாய்க்குப் போன நேரத்தில் உன் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பேனா பிடிக்கவும் எனக்குத் தெரியாது. கரண்டி பிடிக்கிற மாதிரி பிடித்தேன். தங்கச்சி சொன்னது சரிதான், பயந்துகொண்டேதான் இழுத்தேன். அழுத்த முடியவில்லை. பிறகு உன் பேனாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுப்பை மூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்கள். உன்னை முன்னால் கூப்பிட்டார்கள். நீ அந்தப் பக்கத்தைப் பார்த்தாய். பச்சை மை. பள்ளிக்கூடத்தில் பச்சை மைப் பேனா வைத்திருக்கக் கூடாது என்று வாத்தியார் திட்டியும் நீ ஆசைப்பட்டு வைத்திருந்த பேனாவின் மை. நீ என்னைப் பார்த்தாய். நான் பாயைப் பார்த்தேன். "நீயாப்பா கிறுக்கின?" என்று கேட்டார்கள். நீ சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். "ஆமா" என்றாய். பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணினாய். வீட்டில் உங்கப்பா கேட்டபோதும் "ஆமா" என்றாய். அவர் அறைந்தபோது நான் கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. என் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னான் என்று அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, நைனா. இதை எழுதட்டுமா வேண்டாமா என்று தங்கச்சி கேட்கிறாள். எழுது என்றேன்.

அதற்குப் பிறகும் நீ எனக்கு வாசித்தாய். ஒரு நாளும் முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் குரல் மாறிவிட்டது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயில் வருவதைச் சொல்கிற குரல் மாதிரி, ஏற்றம் இறக்கம் இல்லாமல், சீக்கிரமாக. வம்ச வரலாறு வந்தாலும் கேலி இல்லை, எல்லாப் பேரையும் ஒழுங்காக வாசித்தாய். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. ஐடிஐ சேர்ந்த வருஷம் அதுவும் நின்றது. சபையில் புது வருஷத்துக்குக் கொடுக்கிற வாசிப்பு அட்டவணையில் தினமும் ஒரு கட்டத்தில் நானே டிக் போட்டுக்கொண்டு வந்தேன். எழுத்து தெரியாதவளுக்கு டிக் போட மட்டும் நன்றாக வந்தது. வருஷம் முழுக்க வாசித்து முடித்தவர்களுக்கு எவர்சில்வர் டப்பா பரிசு. இப்போது ஊறுகாய் வைக்கிற டப்பா அதுதான். அதில் என் பேர் வெட்டியிருக்கிறது என்று நீதான் ஒரு நாள் சொன்னாய். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாய்.

போன வாரம் உன் அலமாரியைத் துடைக்கும்போது, உனக்கு வாலிபர் கூட்டத்தில் கொடுத்த வேதாகமத்தைத் தங்கச்சி எடுத்துத் திறந்தாள். ஓரத்தில் சிவப்புச் சாயம் பூசிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன. ஒரு தடவைகூட யாரும் பிரிக்காத புத்தகம். அதற்காக உன்னைத் திட்டவில்லை. ஒட்ட வைத்தவள் நான்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் கேள், விட்டால் விடு. படிக்கத் தெரியாதவள் வாசிப்பைப் பற்றிச் சொல்கிறாள் என்று சிரித்தாலும் சரி. இரண்டு பிள்ளைகளின் வாயால் முழு வேதத்தையும் கேட்டவள் நான். உன் வீட்டில் அட்டவணை மாட்டாதே. அதிகாரம் அதிகாரமாக முடிக்கவும் வேண்டாம். நாலு வசனம் போதும். ஆனால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். நைட் ஷிப்ட் வாரத்தில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நாஷ்டாவுக்கு முன்னால். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாளைக்கும் சேர்த்து வாசிக்காதே. விட்டது விட்டதுதான், அன்றைக்கு உள்ளதை வாசி. சத்தமாக வாசி. மனதுக்குள் வாசித்தால் பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு நாள் நீ, ஒரு நாள் அவள். அவள் உன்னைவிட நன்றாக வாசிப்பாள், அதற்கு முகத்தைத் தூக்காதே.

வசனத்தை எடுத்து அவள் மேல் வீசாதே. நான் வீசியிருக்கிறேன். உங்கப்பா குடித்துவிட்டு வருகிற நாளில், மனப்பாடம் செய்ததிலிருந்து குடிகாரனைப் பற்றிய வரிகளாகப் பார்த்து எடுத்துச் சொல்வேன். "இன்னாம்மே, உன் புருசனுக்குன்னே தனியா எழுதி வச்சிருக்காங்களா? அந்தப் புஸ்தகத்துல பொண்டாட்டிக்கு ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்பார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டது நல்ல கேள்வி. அதை அவரிடம் சொல்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தன் குருவை யாரென்றே தெரியாது என்று நெருப்புக்குப் பக்கத்தில் நின்று சொன்ன சீஷனின் கதையைத் தங்கச்சி வாசித்தபோது, உலை பொங்குகிறது என்று எழுந்து போனேன். உலை பொங்கவில்லை. அப்படி எழுந்து போகிற இடம் உனக்கும் வரும். அந்த இடத்தில் உட்கார்ந்திரு. எனக்கு அது முடியவில்லை.

இப்போது தங்கச்சி வாசிக்கிற விதம் எனக்குப் புதிதாக இருக்கிறது. மெதுவாக வாசிக்கிறாள். புரியாத இடம் வந்தால் நிறுத்தி, "எனக்குப் புரியலம்மா" என்கிறாள். "எனக்கும் புரியலடி" என்கிறேன். அதோடு அன்றைக்கு மூடிவிடுவோம். கேண்டீனில் அண்டா தேய்த்துக்கொண்டிருக்கும்போது அது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சில நாள் ஏதோ பிடிபடும், பல நாள் பிடிபடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த நேரம் எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஞானஸ்நானம் எடுத்து இத்தனை வருஷம் கழித்து.

இன்னொன்று. அந்தக் காலையில் தங்கச்சி கோடுகளுக்குக் கீழே இருந்ததை வாசித்தபோதுதான் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. தப்பை மறைத்து வைத்திருந்த நாளெல்லாம் எலும்புவரை காய்ந்துபோனதாக ஒரு மனுஷன் அங்கே சொல்கிறான். கடைசியில் மறைக்காமல் சொல்லிவிட்டானாம். எழுத்து தெரியாததால், எதன் மேல் கோடு இழுக்கிறோம் என்று தெரியாமலே இழுத்திருக்கிறேன். அந்த நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன். கல்யாணத்தன்று நம் சபை முழுக்க அங்கே வரும். அந்த வேடிக்கைப் பேச்சு உன் பந்தலுக்குள் வரக் கூடாது, அந்தப் பெண்ணின் காதில் இன்னொரு தடவை விழக் கூடாது. ஆனால் பயமாக இருக்கிறது. வாய் வருமா என்று தெரியவில்லை. பெண்கள் இனிமேல் என் பக்கத்தில் உட்காருவார்களா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு வந்தால் இந்தக் கடிதத்தை உறையில் போடச் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் திரும்பி வந்தால் அடுப்பில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். உன் பேரைச் சரிசெய்யாமல், மறைவாக உன்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கிற கடிதம் உனக்கு வேண்டாம். அந்த வேதாகமத்தைக் கல்யாணத்துக்குக் கொண்டுவரவா வேண்டாமா என்பதை நீ சொல்லு. வேண்டாம் என்றாலும் நான் கேட்டுக்கொள்வேன்.

அண்ணா, இதற்கு மேல் எழுதுவது நான். நேற்று வெள்ளிக்கிழமை. இன்று காலை கேண்டீனுக்குக் கிளம்பும்போது அம்மா, "நீதான் பாத்தியே, மீதிய நீயே எழுதிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நேற்று நானும் அம்மாவோடு போனேன். கூட்டத்துக்கு நான் போவதில்லை என்று உனக்குத் தெரியும். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், பின்னால் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்து பாஸ்டரம்மா, "யாரு ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். அம்மா "நான்" என்றாள். புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தாள். அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டை வைத்திருந்தாள். பிறகு, "எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள். பக்கத்தில் இருந்த அக்கா சிரித்துக்கொண்டே, "இன்னா சிஸ்டர், கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா, "கண்ணாடி இல்ல. எழுத்தே தெரியாது. எப்பவும் தெரியாது. எல்லாம் மனப்பாடம் பண்ணினு வந்து சொன்னேன். இந்தப் பக்கத்த கிறுக்கினது என் புள்ள இல்ல. அவன் பேனாவ எடுத்து நான் கிறுக்கினேன்" என்றாள். பாஸ்டரம்மா, "அவன் ஒத்துக்கினானே சிஸ்டர்?" என்றார்கள். "எனக்காக ஒத்துக்கினான்" என்றாள் அம்மா.

பக்கத்துக் கம்பெனியில் கம்பி இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கூரைத் தகடு அதிர்ந்தது. ஒருவர் தன் பையின் ஜிப்பைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார். பாஸ்டரம்மா அம்மாவைப் பார்க்காமல், "சரி... அடுத்தவங்க ஆரம்பிங்க" என்றார்கள். அடுத்தவர் ஆரம்பிக்கவில்லை. அம்மா மடியில் புத்தகம் விரித்தபடியே இருந்தது.

நான் எழுந்து பாய்களைத் தாண்டிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். புத்தகத்தை என் மடிக்கு மாற்றி வைத்து, பச்சைக் கோடுகளுக்குக் கீழே விரலை வைத்து, முதல் வசனத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்.